கூரைச் சோலர்: கூரை இருப்பவருக்கும் இல்லாதவருக்கும்

இலங்கையில் வீட்டுக் கூரையில் சோலர் பூட்ட முக்கியமாக மூன்று முறைகள் உண்டு. 2010இல் நெட் மீட்டரிங் வந்தது. 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசின் கூரைச் சோலர் திட்டம் தொடங்கியபோது நெட் அக்கவுண்டிங், நெட் பிளஸ் இரண்டும் சேர்ந்தன.

நெட் மீட்டரிங்கில் காசு கைக்கு வராது. வீடு 300 அலகு பாவித்து, கூரை 340 அலகு தந்தால், மிச்ச 40 அலகு அடுத்த மாதக் கணக்கில் வரவாகும். நெட் அக்கவுண்டிங்கில் அந்த 40 அலகுக்குக் காசு கிடைக்கும். நெட் பிளஸில் கூரை தருவது முழுவதையும் விற்றுவிட்டு, வீட்டுப் பாவனைக்குத் தனியே பில் கட்டவேண்டும். ஒப்பந்தம் 20 வருடம். 2016 விலைப்படி முதல் 7 வருடம் அலகுக்கு 22 ரூபாய், பிறகு 15.50. அதன் பின் புதிதாகச் சேர்பவர்களுக்கான விலை பல தடவை மாறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கும் விலையை நம்பிக் கடன் எடுக்காதீர்கள். நீங்கள் கையெழுத்து வைக்கும் நாளின் விலையைக் கேளுங்கள்.

பற்றரி இல்லாத சோலர், லைனில் கறண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. 2022 மின்வெட்டில் பலர் இதை இருட்டில் இருந்துதான் அறிந்தார்கள்.

இனி கூரை இல்லாதவர்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரே மின்மானியில் மூன்று வாடகைக் குடும்பங்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 60 அலகு, பில்லில் 180. வீட்டுக் கட்டணம், மாதப் பாவனை 60, 90, 120, 180 அலகைத் தாண்டத் தாண்டப் படிப்படியாக ஏறுவது. தனி மானி இருந்தால் மூன்று குடும்பமும் 60க்குள் குறைந்த கட்டணத்தில் நின்றிருக்கும். அதே தெருவில் நெட் மீட்டரிங் உள்ள மாடிவீட்டில் முதலில் கழிவது மேல்படியின் விலைகூடிய அலகுகள். கூரைச் சோலருக்கென 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி தந்த 5 கோடி டொலர் நாட்டின் பெயரில் எடுத்த கடன். அதைக் கட்டுவதில் வாடகைக்காரரும் பங்காளிதான். 2030இல் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்கிறது அரசு. நுரைச்சோலை மின்நிலையத்தின் நிலக்கரியை விட்டு நகர்வது நல்லதே. ஆனால் அதன் இலாபம் கூரைக்காரரோடு நின்றுவிடுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

வாடகைக்கு இருப்பவர்கள் முதலில் தனி மானி எடுக்க முடியுமா என்று வீட்டுக்காரரோடு பேசுங்கள். கட்டணத்தை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்கும். தமிழிலேயே எழுதுங்கள். ஒரே மானியில் எத்தனை குடும்பம், மாதம் எத்தனை அலகு என்பதை முதல் வரியிலேயே போடுங்கள்.