தட்டு விழுந்தா திரும்புறானே, அப்புறம் எதுக்கு காது டெஸ்ட்?

நான் ஆடியாலஜிஸ்ட். குழந்தைங்களுக்கு காது கேக்குதான்னு டெஸ்ட் பண்றது, கேக்கலன்னா காதுல மாட்டுற கேக்குற மெஷின் வச்சு பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புறது, இதுதான் வேலை. ரெண்டரை மூணு வயசுல "இன்னும் பேச்சு வரல"ன்னு தூக்கிட்டு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க முதல்ல சொல்றது ஒரே விஷயம்தான், "காதெல்லாம் நல்லா கேக்குது மேடம், சமையக்கட்டுல தட்டு விழுந்தா டக்குனு திரும்புறான், அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசுனாராம்".

எவர்சில்வர் தட்டு தரையில விழுற சத்தம் சாதாரணமா நாம பேசுற சத்தத்தை விட பல மடங்கு அதிகம். நாம பேசுறது ஏறக்குறைய 60 டெசிபல். அந்த அளவுக்கு கீழ எதுவுமே கேக்காத குழந்தையும் தட்டு சத்தத்துக்கு திரும்பும், ஆனா அம்மா "வாடா செல்லம்"னு கூப்பிடுறது அதுக்கு ஒழுங்கா போய்ச் சேராது. கை தட்டிப் பாக்குறதும் அப்படித்தான், கை ஆடுற நிழலையும் தரை அதிர்றதையும் வச்சே பல குழந்தைங்க திரும்பிடும், இதுங்க அவ்வளவு புத்திசாலிங்க. வீட்ல பண்ற டெஸ்ட்டை தயவுசெஞ்சு நம்பாதீங்க.

உலக அளவுல 1000 குழந்தை பிறந்தா அதுல 1ல இருந்து 3 குழந்தைக்கு பிறவியிலயே காது கேக்குறதுல கணிசமான குறை இருக்கும். என்ஐசியூல, அதாவது பச்சக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல, இருந்துட்டு வந்த குழந்தைங்கள்ல இது பல மடங்கு கூட.

காரணம்னு கேட்டா எல்லாரும் முதல்ல சொந்தத்துல கல்யாணத்தைத்தான் சொல்வாங்க. அதுல உண்மை இருக்கு. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல நாலுல ஒரு கல்யாணத்துக்கும் மேல சொந்தத்துக்குள்ளன்னு வந்துச்சு, நாட்டுலயே நாமதான் முன்னணில இருக்கோம். அத்தை பையன் மாமா பொண்ணு கட்டிக்கிட்டா ரெண்டு பேருக்கும் எட்டுல ஒரு பங்கு ஜீன் பொது, தாய்மாமனையே கட்டிக்கிட்டா நாலுல ஒரு பங்கு. ஒரே குறையுள்ள ஜீன் ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தா, அவங்களுக்கு நல்லா கேக்கும், ஆனா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு குழந்தைக்கு கேக்காம போக. கனெக்சின் 26ன்னு ஒரு புரதத்தோட ஜீன்ல வர்ற கோளாறு இந்த வகையில ரொம்ப சகஜம். மூத்த குழந்தைக்கு கேக்கலன்னா அடுத்தது பிறந்த உடனே டெஸ்ட் பண்ணணும்னு நாங்க கெஞ்சுறது இதனாலதான்.

ஆனா இதோட இன்னொரு பக்கத்தை யாரும் சொல்றதில்ல. சொந்தத்துல கட்டுனவங்க குழந்தைங்கள்ல பெரும்பாலானது நல்லாவே இருக்கும். அதே மாதிரி பிறவியிலயே காது கேக்காத குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட பாதிக்கு எந்த ரிஸ்க்கும் கிடையாது, அசல்ல கட்டுன கல்யாணம், நிறை மாசம், மூணு கிலோ, பிறந்ததும் அழுதது, குடும்பத்துல யாருக்கும் எதுவும் இல்ல. பத்துல ஒன்பதுக்கும் மேல அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் காது நல்லா கேக்குற குடும்பத்துலதான் பிறக்குது. "எங்க பரம்பரையிலயே கிடையாது"ன்னு சொல்லி டெஸ்ட்டைத் தள்ளிப் போடுறது அதனாலதான் தப்பு, ரிஸ்க் லிஸ்ட்ங்கிறது, அதாவது காது குறை வர வாய்ப்பு அதிகமா இருக்குற காரணங்களோட பட்டியல், யாரை இன்னும் கவனமா பாக்கணும்னு சொல்லத்தான், யாரை விட்டுடலாம்னு சொல்ல இல்ல.

அந்த லிஸ்ட்ல நான் ரொம்ப பயப்படுறது மஞ்சள் காமாலை. பிறந்த குழந்தைக்கு லேசா மஞ்சள் வர்றது சகஜம், லைட்ல வச்சா சரியாகிடும். ரத்தம் மாத்துற அளவுக்கு பிலிருபின், அதாவது மஞ்சளுக்குக் காரணமான பொருள், ரத்தத்துல ஏறிடுச்சுன்னா அது காது நரம்பையும் மூளைத்தண்டையும் தாக்கும். காதுக்குள்ள சத்தத்தை வாங்குற செல் நல்லா இருக்கும், நரம்பு சேதியை ஒழுங்கா கொண்டு போகாது. இந்தக் குழந்தைக்கு சாதாரணமா முதல்ல பண்ற ஓஏஇ டெஸ்ட் "பாஸ்"னு வந்துடும், ஏன்னா அது அந்த செல்லை மட்டும்தான் பாக்குது. பெராங்கிற டெஸ்ட்தான் நரம்பு வரைக்கும் பாக்கும். அதனால அஞ்சு நாளுக்கு மேல என்ஐசியூல இருந்த குழந்தை, ரத்தம் மாத்துன குழந்தைக்கெல்லாம் ஓஏஇ பாஸ்னு பேப்பர் கையில இருந்தாலும் பெரா பண்ணுங்கன்னு கேட்டு வாங்குங்க. ஜென்டாமைசின், அமிக்காசின்னு கிருமித் தொற்றுக்குப் போடுற ஊசி ரொம்ப நாள் போட்டிருந்தாலும் சொல்லுங்க. அந்த மருந்து உயிரைக் காப்பாத்துது, அதை குறை சொல்லல, காதை செக் பண்ணணும் அவ்ளோதான்.

அடுத்தது ரூபெல்லாங்கிற வைரஸ் காய்ச்சல். 1941ல ஆஸ்திரேலியாவுல நார்மன் கிரெக்னு ஒரு கண் டாக்டர், கண்புரையோட பிறந்த குழந்தைங்க திடீர்னு அதிகமா வர்றதைப் பாத்து அம்மாக்கள விசாரிச்சப்போதான், மாசமா இருந்த ஆரம்பத்துல ரூபெல்லா வந்துருக்குன்னு தெரிஞ்சுது. காதும் போகுதுங்கிறது பின்னாடி புரிஞ்சுது. முதல் மூணு மாசத்துக்குள்ள வந்தா பாதிப்பு ரொம்ப அதிகம், அம்மாவுக்கு லேசா காய்ச்சலும் தடிப்பும் வந்து போயிருக்கும், கவனிச்சிருக்கவே மாட்டாங்க. 2017 பிப்ரவரில தமிழ்நாட்டுல 9 மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும் எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசி போட்டப்போ வாட்ஸ்ஆப்ல வந்த வதந்தியால எத்தனையோ வீட்ல பிள்ளைங்கள ஸ்கூலுக்கே அனுப்பல. அப்போ விட்டுப்போன பொண்ணுங்கள்ல பலருக்கு இப்போ தாயாகுற வயசு. கல்யாணம் பேசியிருந்தா, மாசமாகுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு போட்டுக்கோங்க, மாசமா இருக்கும்போது போட முடியாது.

கிரகணத்துல வெளிய போனது, மருமகள் போன் பாத்தது, இதெல்லாம் காரணம் இல்ல. ரிசல்ட் வந்த அடுத்த நிமிஷம் மாமியார் பாக்குற பார்வையில அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்குறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். ஜீன்னா ரெண்டு பேர்கிட்ட இருந்தும்தான் வருது.

டெஸ்ட் ரொம்ப சுலபம். பால் குடுத்து தூங்க வச்சு கூட்டிட்டு வாங்க, காதுல சின்னதா ஒரு ரப்பர் முனை வைப்போம், ஓஏஇ சில நிமிஷத்துல முடிஞ்சுடும், வலி கிடையாது. "ரெஃபர்"னு, அதாவது பாஸ் ஆகல, மறுபடி பாக்கணும்னு வந்தா செவிடுன்னு அர்த்தம் இல்ல, பிறந்த ஒரு ரெண்டு நாளுக்குள்ள காதுல அழுக்கு, தண்ணி இருந்தாலே அப்படி வரும், ஆனா திரும்ப வந்து பண்ணாம மட்டும் விட்டுடாதீங்க. ஒரு மாசத்துக்குள்ள ஸ்கிரீனிங், மூணு மாசத்துக்குள்ள உறுதி, ஆறு மாசத்துக்குள்ள மெஷினும் பயிற்சியும்னு ஒரு கணக்கு உண்டு, அந்த நேரத்துக்குள்ள ஆரம்பிச்ச குழந்தைங்க பேச்சுல ரொம்ப முன்னாடி வராங்க. மெஷின் போதாதுன்னா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல 6 வயசுக்குள்ள காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதுல ஆபரேஷன் பண்ணி வைக்கிற கருவி, பண்ணிக்கலாம், ஆனா அஞ்சரை வயசுல வந்து நிக்கிறதுக்கும் ஒண்ணரை வயசுல வர்றதுக்கும் கிடைக்கிற பேச்சுல வித்தியாசம் மலை அளவு.

ரிஸ்க் லிஸ்ட்ல இருக்குற குழந்தை பிறந்தப்போ பாஸ் ஆகியிருந்தாலும் ஒன்பது மாசத்துக்குள்ள இன்னொரு தடவை பாருங்க, சிலதுக்கு கேக்குறது பின்னாடிதான் குறையும். மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரில இருந்த எந்த வயசுக் குழந்தையா இருந்தாலும் குணமான உடனே வாங்க, அதுல உள்காது எலும்பு மாதிரி இறுகிப் போகலாம், அப்புறம் இம்ப்ளான்ட் உள்ள நுழைக்கவே கஷ்டம். உங்க குழந்தையோட டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துப் பாருங்க, ஹியரிங் ஸ்கிரீனிங்னு ஒரு வரி இல்லன்னா பக்கத்துல இருக்குற அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில காது மூக்கு தொண்டைப் பிரிவுல போய் கேளுங்க.