ஆல்டர்னேட்டர்: மாறுமின்னியற்றி

கார் இன்ஜினோடு பெல்ட்டால் இணைந்து சுழன்று, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, முகப்பு விளக்கு முதல் எரிபொருள் பம்பு வரை அனைத்துக்கும் மின்சாரம் தரும் கருவி ஆல்டர்னேட்டர். ‘இரண்டில் மற்றொன்று’ என்னும் பொருளுடைய ‘ஆல்ட்டர்’ என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். மாறி மாறித் திசை திரும்பும் மின்னோட்டத்தை உண்டாக்குவதால் இந்தப் பெயர் வந்தது.

பட்டறைகளில் இதை இன்றும் டைனமோ என்று சொல்வதுண்டு. அது வேறு கருவி. 1832-இல் ஹிப்போலிட் பிக்சி என்ற பிரெஞ்சுக் கருவித் தயாரிப்பாளர் உருவாக்கிய முதல் மின்பொறி மாறுதிசை மின்சாரத்தைத்தான் தந்தது. அன்று அதற்குப் பயன் இல்லாததால், இயற்பியலாளர் ஆம்பியரின் யோசனைப்படி திசைமாற்றி ஒன்றைச் சேர்த்து மின்னோட்டத்தை ஒரே திசையில் பாயச் செய்தார். டைனமோ அந்த வழியில் வந்தது. ஆல்டர்னேட்டரில் திசைமாற்றி கிடையாது. அந்த வேலையை, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகள் செய்கின்றன. அதனால்தான் சிலிக்கான் டயோடுகள் வந்த பிறகே அது சாதாரணக் கார்களுக்குள் நுழைந்தது. கிறைஸ்லர் நிறுவனம் 1960-இல் தன் வேலியண்ட் காரில் அதைப் பொருத்தியது. இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் போதிய மின்சாரம் தருவதால் டைனமோவை அது விரைவில் ஓரங்கட்டிவிட்டது.

தமிழில் மின்னியற்றி, மின்னாக்கி இரண்டும் ஜெனரேட்டர் என்ற பொதுப்பெயருக்கு உரியவை. ‘மின்மாற்றி’ என்று எழுதவே கூடாது; அது டிரான்ஸ்ஃபார்மர். மாறுதிசை மின்னோட்டம் என்ற பாடநூல் வழக்கையொட்டி ‘மாறுமின்னியற்றி’ என்பதே பொருத்தம் என்பேன். ஆனால் எந்த மொழியில் சொன்னாலும் இந்தப் பெயர் பாதி வேலையைத்தான் சொல்கிறது. பேட்டரிக்கு வேண்டியது நேர்திசை மின்சாரம். அப்படி மாற்றும் டயோடுகளும், மின்னழுத்தத்தை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரும் பெரும்பாலும் அதே கூட்டுக்குள்தான் இருக்கின்றன. சார்ஜ் ஏறவில்லை என்றால் கோளாறு இவற்றில் எதிலும் இருக்கலாம், வெளியிலும் இருக்கலாம். இது தெரியாமல்தான் பலர் எடுத்த எடுப்பில் முழுக் கருவியையும் மாற்றிவிடுகிறார்கள்.

முதலில், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வரவேண்டும். பழைய அளவிலேயே நின்றாலோ மெல்ல இறங்கினாலோ சார்ஜ் ஏறவில்லை. புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காகக் கணினியே சார்ஜைக் குறைத்து வைக்கும். அங்கே விளக்குகளையும் மின்விசிறியையும் போட்டுவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்து, ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி முனையிலேயே அளக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது அங்கே 14 வோல்ட் இருந்து பேட்டரியில் இல்லையென்றால், கருவி நன்றாகவே இருக்கிறது. இடையில் உள்ள பெரிய ஃபியூஸ், கம்பி, துருவேறிய முனை, எர்த் இணைப்பு இவற்றில் ஒன்றுதான் காரணம். அங்கும் இல்லையென்றால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள்.

பெல்ட் சரியென்றால், கருவிக்குள் சுழலும் பகுதியான சுழலியின் கம்பிச்சுருளைக் கவனிக்க வேண்டும். அது காந்தமாக, முதலில் சிறிதளவு மின்சாரம் வெளியிலிருந்து போகவேண்டும். பல பழைய கார்களில் அது டேஷ்போர்டில் உள்ள பேட்டரி எச்சரிக்கை விளக்கின் வழியாகத்தான் போகிறது. சாவியைத் திருப்பியும் அந்த விளக்கு எரியாவிட்டால் பல்பையும் அந்தக் கம்பியையும் பார்க்க வேண்டும். சுழலும் சுருளைத் தொட்டு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்தாலும் இதே மின்சாரம்தான் தடைபடும். அவற்றை மட்டும் மாற்றிப் பிழைக்கவைத்த கருவிகள் ஏராளம்.

டயோடு கெட்டால் அடையாளம் வேறு. மீட்டரை மாறுதிசை அளவுக்கு மாற்றி, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். அத்தகைய டயோடு, நிறுத்திய வண்டியிலும் பேட்டரியை இரவோடு இரவாக வடித்துவிடக்கூடும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் அறவே விடுங்கள். டைனமோ காலத்தில் பெரிய சேதமில்லாமல் தப்பியிருக்கலாம். இன்று அப்போது எழும் உயர் மின்னழுத்தம் டயோடுகளையும் காரின் கணினியையும் சேர்த்தே எரித்துவிடக்கூடும்.