ஒரு மூச்சுக்கு 16 எழுத்து

நவராத்திரி முடிந்த கிழமை தொண்டை கட்டியவர்கள் வரிசையாக வருவார்கள். குரல் சிகிச்சை என் தொழில். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து என்னிடம் வருபவர்களில் முதலிடம் ரீச்சர்மாருக்கு. அடுத்தது பாராயணக் குழு அன்ரிமாருக்கு.

போன முறை வந்தவர்களில் ஒருவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். "மிஸ், முந்தி ஒரு மூச்சில ரெண்டு சுலோகம் சொல்லி முடிப்பன். இப்ப ஒண்டுக்கே இழுக்குது" என்றார். நெஞ்சில் ஏதோ கோளாறு என்று பயந்து எல்லாப் பரிசோதனையும் செய்திருந்தார், ஒன்றும் இல்லை. அவருடைய குழு எவ்வளவு நேரத்தில் ஓதும் என்று கேட்டேன். லலிதா சகஸ்ரநாமம் முழுவதும் அரை மணித்தியாலமாம்!

கொஞ்சம் கணக்குப் போடுவோம். சகஸ்ரநாமம் அனுஷ்டுப் சந்தத்தில் அமைந்தது. மெய்யெழுத்தை விட்டு எண்ணினால் ஒரு சுலோகத்துக்கு 32 எழுத்து, நடுவில் ஒரு நிறுத்தம். அதாவது 16 எழுத்துக்கு ஒரு மூச்சு என்பதற்குச் சந்தத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். சுமார் 182 சுலோகம், 364 மூச்சு. அரை மணித்தியாலத்தில் முடித்தால் ஒரு மூச்சுக்கு 5 செக்கன், நிமிடத்துக்கு 12. கதிரையில் சாய்ந்து பத்திரிகை வாசிக்கும்போதும் கிட்டத்தட்ட அவ்வளவு தடவைதான் மூச்சு விடுகிறோம். இதுவும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒழுங்காக மூச்சு எடுப்பவர்களுக்கு மட்டும். அன்ரியோ மூன்று நிறுத்தங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். பிறகு இழுக்காமல் என்ன செய்யும்?

அதையே 10 செக்கனுக்கு ஒரு மூச்சாக, நிமிடத்துக்கு 6 ஆக்கினால் கதை வேறு. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் இத்தாலியில் செய்த ஓர் ஆய்வு வந்தது. 23 பேரை லத்தீன் செபமாலையையும் 'ஓம் மணி பத்மே ஓம்' மந்திரத்தையும் சொல்லவைத்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு இறங்கியது. இரத்த அழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப இதயத்துடிப்பைச் சரிசெய்யும் தெறிவினையும் கூர்மையானது. பிரஷர் குளிசையை நிறுத்தலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டியிருக்கிறது.

எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது செபமாலையின் அமைப்புத்தான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கேட்டிருப்பீர்கள்: முதற்பாதியை ஒருவர் சொல்வார், மறுபாதியைச் சனம் சொல்லும். ஒரு பக்கம் சொல்லும் நேரம் மறுபக்கம் மூச்செடுக்கும் நேரம். யாரும் எண்ண வேண்டியதில்லை.

அதைத்தான் அன்ரியின் குழுவுக்குச் சொன்னேன். இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்காருங்கள், பாதிச் சுலோகம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அதே அரை மணித்தியாலம்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் மூச்சு 10 செக்கனுக்கு ஒன்று. வாய் மூடியிருக்கும் பாதியில் மற்றவர்களைக் கேட்கவும் முடிகிறது. தியானம் என்று சொல்கிறார்களே, அது அந்தப் பாதியில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, தொண்டை ஏன் கட்டுகிறது? ஒரு காரணம் வெளியே இரையும் காலி வீதி (Galle Road). பஸ் ஹோர்ன், கடற்கரைப் பக்கம் ரயில், தலைக்கு மேல் மின்விசிறி. சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரல் உயரும். பத்துப் பேர் அப்படி உயர்த்தினால் பதினோராவது ஆள் கத்தத்தான் வேண்டும். ஜன்னலைச் சாத்துங்கள், சுருதியை ஒரு படி இறக்குங்கள். தொண்டையைச் செருமாமல் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். கட்டிய பிறகு குசுகுசுவென்று கதைப்பது ஓய்வு அல்ல, பேசாமல் இருப்பதே ஓய்வு. மூன்று கிழமையாகியும் குரல் திரும்பாவிட்டால் கொத்தமல்லித் தண்ணீரோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பாருங்கள்.

உச்சரிப்பு பிழைக்கும் என்று இளசுகள் பின்வரிசையில் வாயைத் திறக்காமல் இருப்பதும் எனக்குத் தெரியும். தமிழில் 'க' ஒன்றுதான், சமஸ்கிருதத்தில் நாலு. அதனால்தான் சுலோகப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று பொடி இலக்கம். 2ஆம், 4ஆம் ஒலிகளுக்கு மூச்சைச் சேர்த்துத் தள்ள வேண்டும், ஓட்டத்தில் முதலில் விழுங்கப்படுபவை அவைதான். வேகம் குறைந்தால் பாதிப் பிழை தானே போய்விடும். அதுவரை வாயை மூடி மெல்ல முனகிக்கொண்டு சேர்ந்திருங்கள், மூச்சுக்கு அதுவும் போதும்.

அன்ரிக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "பாதிதான் சொன்னால் பலனும் பாதியோ?" அதை ஐயரிடம் கேளுங்கள் என்று தப்பித்துக்கொண்டேன். அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது பக்கம் மாறி இரண்டாம் தரமும் ஓதுகிறார்கள். கடலை ஆறிப்போகிறது என்று மட்டும் முறைப்பாடு வந்திருக்கிறது.