தொகுப்பி: ஒரே வளவில் இரண்டு அடுப்பு

காரைக்குடியில் இறுதியாண்டு படிக்கும் என் அக்கா மகள் போன வாரம் மடிக்கணினியோடு வந்து எங்கள் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், உட்கார்ந்தாள். சீனியர்கள் விட்டுப்போன ஒரு புரோகிராம், சி மொழியில் எழுதியது. "அம்மான், அவங்க மிஷின்ல ஓடினது என்கிட்ட 'மல்டிபிள் டெஃபனிஷன்'னு நிக்குது. கம்பைலர் வேறயாம். அது சரி, கம்பைலருக்குத் தமிழ்ல என்ன?"

தொகுப்பி. நிரல்பெயர்ப்பி என்றும் எழுதுகிறார்கள். நாம் எழுதும் நிரலை எந்திர மொழிக்குப் பெயர்ப்பதுதானே வேலை, இதில் எதைத் தொகுக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லத்தீனில் கொம்பிலாரே என்றால் கொள்ளையடித்தல். பிறகுதான் பல இடத்திலிருந்து எடுத்துச் சேர்த்தல் என்ற பொருளுக்கு வந்தது. 1952இல் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் யுனிவாக் கணினிக்குச் செய்த ஏ-0 என்ற நிரல், முன்பே எழுதி வைத்திருந்த துணைநிரல்களை எடுத்து ஒரே நிரலாகக் கோத்துத் தந்தது. கம்பைலர் என்று அவர் பெயர் வைத்தது அதனால்தான். ஆக, பிறக்கும்போதே அது தொகுப்பி.

நம் மரபிலும் சொல் பழையது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று அடுக்குகிறது. இன்றைய கம்பைலர் செய்வது கடைசி வேலை, பெயர் முதல் வேலையிலிருந்து. எனக்குத் தொகுப்பிதான் பிடிக்கும். சின்னச் சொல், வினையாகவும் வளையும்: தொகு, தொகுத்தாயிற்று, தொகுக்க மறுக்கிறது.

வெர்ஷனுக்குப் பதிப்பு போதும்.

ஒரே கணினியில் இரண்டு பதிப்புகளை வைப்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் ஒன்று அப்படியே பொருந்தும்: வேறுவைத்தல். நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானதும் வேறுவைப்பார்கள். வீடும் வளவும் பொதுதான். அறையும் அடுப்பும் சாமான் கணக்கும் தனி.

அவள் கணினியில் இயங்குதளம் உபுண்டு 22.04. அதனோடு வருவது ஜிசிசி என்ற சி தொகுப்பியின் 11ஆம் பதிப்பு, ஜிசிசி-11. பக்கத்திலேயே ஜிசிசி-9ஐ நிறுவினோம். ஒன்றையொன்று தொடவில்லை, இரண்டும் தத்தம் எண்ணோடு இருக்கின்றன. வெறும் ஜிசிசி என்று அழைத்தால் யார் வரவேண்டும் என்பதுதான் கேள்வி. அந்தப் பெயர் ஏதாவது ஒரு பதிப்பைக் காட்டும் சுட்டி மட்டுமே. அப்டேட்-ஆல்டர்நேடிவ்ஸ் கட்டளையில் இரண்டையும் பதிந்துவிட்டால் சுட்டியை வேண்டியபோது திருப்பலாம். திருப்பும்போது சி++ தொகுப்பியையும் சேர்த்துத் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் சி ஒரு பதிப்பிலும் சி++ வேறொன்றிலும் தொகுக்கப்படும். எனக்கோ சுட்டியைத் தொடவே மனமில்லை. கணினி முழுவதற்கும் மாறிவிடும், நாளைக்கு மறந்தும்போகும். அந்த ஒரு வேலைக்கு மட்டும், தொகுக்கச் சொல்லும் மேக் என்ற கட்டளையை ஒட்டி சிசி=ஜிசிசி-9 என்று கொடுக்கச் சொன்னேன். ஓடியது.

"அப்போ 11 தப்பா, அம்மான்?"

தப்பில்லை. பல கோப்புகள் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பு ஒன்றில் 'இன்ட் கவுண்ட்;' என்று ஒரு வரி, கவுண்ட் என்ற மாறியை உண்டாக்குவது. அந்தக் கோப்பை நாலு நிரல் கோப்புகள் சேர்த்துக்கொண்டதால் கவுண்ட் நாலு இடத்தில் பிறந்தது. பழைய ஜிசிசி நாலையும் ஒன்றாக்கிக் கண்டுகொள்ளாமல் விடும். 2020இல் வந்த ஜிசிசி-10 முதல் அந்தச் சலுகை தானாகக் கிடைப்பதில்லை. அந்த வரிக்கு முன்னால், மாறி வேறிடத்தில் இருக்கிறது என்று சொல்லும் எக்ஸ்டெர்ன் போட்டு, ஒரே ஒரு நிரல் கோப்பில் மட்டும் கவுண்டை வரையறுத்தாள். அப்புறம் 11லும் தொகுத்தாயிற்று. ஜிசிசி-9ஐ இன்னும் நீக்கவில்லை. சீனியர்கள் விட்டுப்போனதில் இன்னும் மூன்று புரோகிராம் பாக்கி.