"ஒண்ணும் இல்ல டாக்டர்"

பந்தயத் தடத்தின் மருத்துவ அறையில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். காரை எலும்பு முறிந்து தோலுக்கு அடியில் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரு கையால் மறு கையைத் தாங்கியபடி வந்து, "ஒண்ணும் இல்ல டாக்டர், ஸ்பிரே மட்டும் அடிச்சு விடுங்க, மூணு மணிக்கு ரேஸ் இருக்கு" என்பார்கள்.

எலும்பு முறிவு என் தொழில். சில வருடங்களாகப் பைக் பந்தய வார இறுதிகளில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வருகிறேன். சென்னையிலிருந்து போனால் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால், தொழிற்சாலைகளுக்கு நடுவே, 1990-ல் திறந்த தடம். சுற்றளவு 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னமும் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கம்பெனி அணிகளில் ஓட்டுபவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கும். ஐஸ் பெட்டி, பிசியோ, குடை பிடிக்க ஆள் எல்லாம் உண்டு. நான் சொல்ல வருவது மற்றவர்களைப் பற்றி. வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ், மாதச் சம்பளத்தில் டயர். குட்டி யானையில் பைக்கைக் கயிறு போட்டுக் கட்டி ஏற்றி, விடியற்காலையில் வந்து இறங்குபவர்கள். மச்சான்தான் மெக்கானிக், கல்லூரி நண்பன்தான் ஸ்டாப்வாட்ச். அப்படி ஒருவரை ஒரே நாளில் மூன்று முறை சந்தித்தேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் சந்திப்பு காலை ஏழரை மணிக்கு. பக்கத்தில் அவருடைய பைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆயில் டிரெயின் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி போட்டு முறுக்கியிருக்கிறதா, ரேடியேட்டரில் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர்தானா என்றெல்லாம் பார்ப்பார்கள். கூலன்ட் தடத்தில் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவார், அதனால். மச்சான் அந்தக் கம்பியை மூன்று தடவை தடவிப் பார்த்தார். நம் ஆளோ தன் உடம்பைப் பற்றிய படிவத்தை முப்பது நொடியில் முடித்தார். முன்பு தலையில் அடி? இல்லை. வலிப்பு? இல்லை. மாத்திரைகள்? இல்லை. கேள்வியைப் படித்த மாதிரியே தெரியவில்லை.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

"ரேஸ் அன்னிக்கு இறங்காது டாக்டர். ஒரு எனர்ஜி டிரிங்க் குடிச்சேன்."

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தோல் சூட் நாலைந்து கிலோ எடை. அதற்கு மேல் ஹெல்மெட், கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். வியர்வை காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். சூட்டுக்குள் வியர்வை உலர வழியில்லை, வழிந்து பூட்ஸுக்குள்தான் இறங்கும். ஓட்டும்போதாவது சூட்டில் உள்ள துளைகள் வழியாகக் காற்று நுழையும். கிரிட்டில், அதாவது பந்தயம் தொடங்கும் வரிசையில், என்ஜின் மேல் உட்கார்ந்து காத்திருக்கும் நிமிடங்கள்தான் மோசம். 70 கிலோ எடையுள்ளவர் ஒன்றரைக் கிலோ வியர்வையை இழந்தாலே கவனமும் கைப்பிடியும் தளர ஆரம்பித்துவிடும். தாகம் அதைச் சரியாகக் காட்டிக் கொடுக்காது. காலையில் ஒருமுறை, பிராக்டீஸ் முடிந்து ஒருமுறை எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இவர்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். காரணம் சப்பையானது. சிறுநீர் கழிக்க வேண்டும் என்றால் அந்த ஒற்றை சூட்டைத் தோளிலிருந்து உரிக்க வேண்டும், வியர்வையில் ஒட்டிக்கொண்ட கையை மறுபடி உள்ளே நுழைக்க இன்னொரு ஆள் வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு வாயைக் கட்டிவிடுகிறார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, செஷன்களுக்கு நடுவே வாய் வாயாகக் குடித்தால் போதும். நாலு இட்லியும் இறங்கும், மெதுவாகச் சாப்பிட்டால். செஷன் முடிந்ததும் சூட்டை இடுப்பு வரை இறக்கிவிட்டு நிழலில் உட்காருங்கள். உளற ஆரம்பித்தாலோ, நடை தள்ளாடினாலோ அது வெறும் களைப்பு இல்லை, வெப்பத்தாக்காக இருக்கலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பிய கையோடு சூட்டைக் கழற்றி ஐஸ் தண்ணீரை ஊற்றத் தொடங்க வேண்டும். வண்டி வரும் வரை கைகட்டி நிற்கக் கூடாது.

இரண்டாவது சந்திப்பு குவாலிஃபையிங்கில், அதாவது ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் ஓட்டத்தில். ஆறாவது திருப்பத்தில் முன் டயர் வழுக்கி, பைக்கும் அவருமாகச் சரளைக்கல்லில் உருண்டு, எழுந்து, பைக்கை நோக்கி ஓடியிருக்கிறார். தடத்தின் ஓரம் பாதுகாப்புக்கு நிற்கும் மார்ஷல்கள்தான் பிடித்து அழைத்து வந்தார்கள். ஹெல்மெட்டின் இடது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போய், சரளைப் பொடி ஒட்டியிருந்தது.

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"எங்க விழுந்தீங்க?"

"ஆறாவது டர்ன். ஃப்ரன்ட் போயிடுச்சு."

தெளிவான பதில். கண் பாப்பா இரண்டும் சமம், கழுத்தில் வலி இல்லை, கை கால் எல்லாம் அசைகிறது. டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். "டிசம்பர், நவம்பர், அக்டோபர்..." ஒரு நிறுத்தம். "ஆகஸ்ட், ஜூலை... ஜூலை சொல்லிட்டேனா?" குதிகாலோடு விரல் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் சுவரைப் பிடித்தார். அதற்குள், "பைக்குக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். மச்சான் சொன்னார். இரண்டு நிமிடம் கழித்து அதே கேள்வி. மச்சான் என்னைப் பார்த்தார். "வந்ததுலேர்ந்து இதையே அஞ்சாவது தடவையா கேக்குறான் டாக்டர்."

இதற்குப் பெயர் மூளை அதிர்ச்சி. நினைவு தப்பினால்தான் தலையில் அடி என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் நினைவு தப்புவதே இல்லை. ஹெல்மெட் மண்டை ஓட்டை உடையாமல் காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, காரணம் கெட்டிருப்பது மூளையின் வேலை, வடிவம் இல்லை. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்யத்தான். 'ஸ்கேன் நார்மல், அதனால் ஓட்டலாம்' என்று வாதாடுபவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அன்றைய தினம் ஓட்டக் கூடாது. இதில் பேரம் கிடையாது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 40 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். பிரேக்கைத் தொடக் கால் நொடி தாமதமானால் பத்து மீட்டர் போய்விடும். அந்தப் பத்து மீட்டரில் உங்களுக்கு முன்னால் இன்னொரு வீட்டுப் பிள்ளை இருப்பான். இன்னொன்றும் இருக்கிறது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால், மிக அபூர்வமாக, மூளை வேகமாக வீங்கி உயிரே போகலாம். வயது குறைந்தவர்களிடம்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பந்தயத்துக்கு அழைத்து வரும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும்.

அவர் கத்தினார், கெஞ்சினார். ஒரு வருடச் சேமிப்பு என்றார். லீவு போட்டு வந்தேன் என்றார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பணம் போனது போனதுதான், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. போட்டி அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மச்சானிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இன்று இவர் எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது, வீட்டுக்குக் கூட. ராத்திரி தனியாக விடாதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், கையில் இருக்கும் வேறு வலி மாத்திரை எதுவும் வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மறுபடி ஓட்டக் குறைந்தது ஒரு வாரமாவது ஆகும், அதுவும் நடை, சைக்கிள், அப்புறம் பைக் என்று படிப்படியாக.

மணிக்கட்டையும் பார்த்தேன். விழும்போது கையை ஊன்றுவது யாராலும் தவிர்க்க முடியாத பழக்கம். கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு நரம்பு போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி விழும். அந்தக் காலத்தில் பொடி போடுபவர்கள் அதில் பொடியை வைத்து உறிஞ்சுவார்களாம், மருத்துவப் புத்தகத்திலும் அதற்குப் பொடிக் குழி என்றுதான் பெயர். அந்தக் குழியை அழுத்தி வலித்தால், உள்ளே படகு வடிவத்தில் இருக்கும் குட்டி எலும்பில் விரிசல் இருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜம். கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். 'சுளுக்குதான்' என்று கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு ஓட்டிய ஒருவர் நாலு மாதம் கழித்து என்னிடம் வந்தார். அந்த எலும்புக்கு ரத்தம் ஒரு முனை வழியாகத்தான் வரும். விரிசல் அதைத் துண்டித்தால் மறு பாதி செத்துவிடும். அவருக்கு அது நடந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தோம், ஆனால் கிளட்ச் கை பழையபடி வளைவதில்லை.

நம் ஆளுக்கு அந்தக் குழியில் வலி இல்லை. நல்லவேளை.

மூன்றாவது சந்திப்பு மாலையில். அவருடைய ரேஸ் அவர் இல்லாமலே முடிந்துவிட்டது. குட்டி யானையில் பைக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செருப்பும் டிராக் பேன்ட்டுமாக அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். கோபம் இறங்கியிருந்தது.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். நான் எந்த டர்ன்ல விழுந்தேன்?"

"நீங்கதானே ஆறாவதுன்னு சொன்னீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "உள்ள கூட்டிட்டு வரும்போது மார்ஷல் வாக்கி டாக்கில சொல்லிட்டு வந்தார். அதைத்தான் உங்ககிட்ட சொன்னேன். வார்ம் அப் லேப்புக்கு அப்புறம் எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல."