ஒரே ஒரு தவணை தவறினால்: சிபில் ஸ்கோர் விழுவதும் எழுவதும்

மாதச் சம்பளம் 45,000 ரூபாய். கணக்கில் இரண்டு லட்சம் இருப்பு. ஆனாலும் பைக் லோன் கேட்டால் "சிபில் சரியில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். என்னவென்று தோண்டிப் பார்த்தால், கல்லூரிக் கடைசி வருடத்தில் தவணைக்கு வாங்கிய 14,000 ரூபாய் மொபைல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. இருபதுகளில் இருக்கும் பலர் இன்று இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். சிபில் ஸ்கோர் என்ற அந்த மூன்று இலக்க எண் எதிலிருந்து பிறக்கிறது என்பது தெரிந்துவிட்டால், அதைத் திரும்ப ஏற்றும் வழியில் பாதி தெரிந்த மாதிரி.

சிபில் என்று பொதுவாகச் சொன்னாலும், இந்தியாவில் கடன் பதிவுகளைத் திரட்டி ஸ்கோர் போட ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2000-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டதால் சிபில் பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களிடம் கடன் வாங்கிய ஒவ்வொருவரின் கணக்கு விவரத்தையும் இந்த நான்கு இடத்துக்கும் அனுப்புகின்றன. முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் இது, 15-ஆம் தேதி நிலவரமும் மாதக் கடைசி நிலவரமும் என மாதம் இரண்டு முறையாக மாறியது. அந்தப் பதிவுகளிலிருந்துதான் 300 முதல் 900 வரையிலான ஸ்கோர் கணக்கிடப்படுகிறது.

அதில் உங்கள் சம்பளம் கிடையாது. சேமிப்புக் கணக்கின் இருப்பு, அப்பா பெயரில் இருக்கும் வீடு, மியூச்சுவல் ஃபண்டு எதுவும் கிடையாது. வாங்கிய கடன், கட்டிய விதம், புதிதாக எங்கெங்கே கடன் கேட்டீர்கள் என்பது மட்டும்தான். அந்த எண் பதில் சொல்ல முயலும் கேள்வியும் ஒன்றே ஒன்று: அடுத்த 12 மாதத்தில் இவர் ஏதாவது ஒரு கடனில் 90 நாளுக்கு மேல் பாக்கி வைப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? பழைய பதிவுகளை லட்சக்கணக்கில் எடுத்து, அவற்றில் யாரெல்லாம் பிறகு தவறினார்கள் என்று பார்த்து, எந்தெந்த அடையாளம் தவறுதலோடு சேர்ந்து வருகிறது என்று புள்ளியியல் முறையில் எடை போடுகிறார்கள். சூத்திரம் உங்களை ஆளாக அறியாது. உங்களைப் போன்ற பதிவு உடைய ஆயிரம் பேரில் எத்தனை பேர் தவறினார்கள் என்பதை மட்டுமே அறியும். ஸ்கோர் விழுந்ததும் கூனிக் குறுகிப் போகும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: அது உங்கள் ஒழுக்கத்துக்குப் போட்ட மார்க் இல்லை.

சரி, இளம் வயதில் அடி ஏன் இவ்வளவு பலமாக விழுகிறது? நூறு இன்னிங்ஸ் ஆடியவர் ஒருமுறை டக் அவுட் ஆனால் சராசரி லேசாக அசையும். மூன்றே இன்னிங்ஸ் ஆடியவருக்கு ஒரு டக் என்றால் சராசரி சரிந்துவிடும். 45 வயதுக்காரருக்கு வீட்டுக்கடன், கார் லோன், இரண்டு கார்டு என இருபது வருடப் பதிவு இருக்கும். 23 வயதில் ஒரு மொபைல் இஎம்ஐ, ஒரு லோன் ஆப் கணக்கு, அவ்வளவுதான். அதில் ஒன்று கெட்டால் பாதிப் பதிவே கெட்டது. 'இப்போது வாங்கு, பிறகு கொடு' என்று ஷாப்பிங் ஆப்பில் ஒரு தட்டலில் கிடைக்கும் வசதியும் பல இடங்களில் உங்கள் பெயரில் ஏறும் கடன்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டு அவசரத்துக்கு உங்கள் பெயரில் வைத்த நகைக்கடனும் அப்படியே.

இனி, இந்தப் பதிவுகளெல்லாம் அடங்கிய கடன் அறிக்கைக்குள் போகலாம். எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதால் பயனில்லை. முழு அறிக்கையைப் பார்க்க வேண்டும். 2017 முதல், நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை ஸ்கோருடன் இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பான் எண் கொடுத்து எடுக்கலாம். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாத வாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று இலக்கம். அந்த மாதக் கணக்கின்படி, கட்ட வேண்டிய தேதி தாண்டி எத்தனை நாள் ஆகிறது என்பதே அந்த எண். 000 என்றால் பாக்கி இல்லை. 5-ஆம் தேதி தவணை உள்ள ஒருவர் ஜூன் மாதம் முதல் கட்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஜூன் கட்டத்தில் 025 விழும். ஜூலையில் 056, ஆகஸ்டில் 087, செப்டம்பரில் 117. செப்டம்பர் தொடக்கத்தில் 90 நாளைத் தாண்டியதும் கணக்கு வாராக்கடன் வகைக்குப் போய்விடும். ஸ்கோர் பெரிதாகச் சரிவது இந்த இடத்தில்தான்.

இங்கே பலர் விழும் ஒரு குழி இருக்கிறது. ஜூன் தவணை மட்டும் பவுன்ஸ் ஆகிவிட்டது, ஜூலை முதல் ஒழுங்காக 5-ஆம் தேதி கட்டுகிறார். மனசுக்குள் "ஒரு மாதம்தானே தவறியது" என்ற நினைப்பு. ஆனால் கட்டும் பணம் எப்போதும் பழைய பாக்கிக்குத்தான் முதலில் வரவு வைக்கப்படும். ஜூலையில் கட்டியது ஜூன் தவணைக்குப் போகிறது, ஜூலை தவணை பாக்கியாக நிற்கிறது. ஆகஸ்டில் கட்டியது ஜூலைக்கு. இப்படி மாதாமாதம் சரியாகக் கட்டிக்கொண்டே இருந்தும், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 025, 026, 026 என்று கட்டம் கறை படிந்துகொண்டே வரும். கடன் முடியும்வரை இது நிற்காது. தவறிய அந்த ஒரு தவணையை, அதற்கான அபராதத்தோடு தனியாகச் சேர்த்துக் கட்டினால் அடுத்த கட்டத்திலேயே 000 வந்துவிடும். ஸ்கோரைச் சீர்செய்ய நினைக்கும் எவரும் முதலில் தேட வேண்டியது இப்படித் தொடர்ந்து வரும் சின்னப் பாக்கியைத்தான். வாராக்கடனாகிவிட்ட கணக்குக்கு விதி இன்னும் கடுமை: அசலிலும் வட்டியிலும் நிலுவை மொத்தமும் கட்டினால்தான் அது நல்ல கணக்கு வகைக்குத் திரும்பும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. பாதி கட்டினால் வகை மாறாது.

பழைய பாக்கி பெரிதாகிவிட்டால் வசூல் ஏஜென்ட் போன் செய்து, "40,000-க்கு 18,000 கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்பார். இதுதான் செட்டில்மெண்ட். தொல்லை தீரும், ஆனால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். அடுத்த வங்கிக்கு அதன் அர்த்தம், முழுப் பணம் திரும்பி வரவில்லை என்பதே. கையில் வழி இருந்தால் முழுவதும் கட்டி 'குளோஸ்டு' என்று மாற்றுவதே நல்லது. அபராதத்தையும் தாமதக் கட்டணத்தையும் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம். ஏற்கெனவே செட்டில்மெண்ட் செய்தவர்கள், விட்டுக்கொடுத்த மீதியைக் கட்டி நிலையை மாற்றித் தர முடியுமா என்று கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பார்க்கலாம். எதுவானாலும் பணம் நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும், ஏஜென்டின் யூபிஐ எண்ணுக்கு அல்ல. 'பாக்கி இல்லை' என்ற சான்றிதழ் கைக்கு வராமல் விஷயம் முடியவில்லை.

அறிக்கையில் இருப்பது தவறாகவும் இருக்கலாம். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும். அடைத்த கடன் இன்னும் திறந்தே கிடக்கும். அப்போது கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதியலாம். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதில் திருத்திய விவரத்தை அனுப்ப வங்கிக்கு 21 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. அப்போதும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். இந்த உரிமையைப் பயன்படுத்த யாரும் தயங்க வேண்டாம்.

பாக்கியை அடைத்தவுடன் ஸ்கோர் துள்ளி எழாது. பழைய 117 அந்தக் கட்டத்திலேயே இருக்கும். மாத வாரியான கட்டங்கள் 36 மாதத்துக்குத் தெரியும். பதிவுகளைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பழைய தவறுதலைவிடச் சமீபத்திய தவறுதல்தான் அடுத்த 12 மாதத்தை அதிகமாகக் காட்டிக்கொடுக்கிறது. அதனால் சூத்திரத்தில் அதன் எடையே கூடுதல். பழையது பின்னுக்குத் தள்ளப்பட, முன்னால் புதிய 000-கள் சேர வேண்டும். புதிய பதிவே இல்லாமல் "இனி கடனே வேண்டாம்" என்று ஒதுங்கி இருந்தால் சேர்வதற்கு ஒன்றும் இருக்காது.

கெட்ட ஸ்கோரோடு யார் புதிதாகக் கடன் கொடுப்பார்கள்? எஃப்டி மேல் கொடுக்கும் கிரெடிட் கார்டு இதற்கான கதவு. 15,000 அல்லது 20,000 ரூபாயை ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டால், பல வங்கிகள் அதில் 80, 90 சதவீதத்தை லிமிட்டாக வைத்து கார்டு தருகின்றன. பிணை கையில் இருப்பதால் வங்கி உங்கள் ஸ்கோரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். ஆனால் அறிக்கையில் இது மற்ற கார்டு போலவே மாதாமாதம் ஏறும். மொபைல் ரீசார்ஜ், பெட்ரோல் என எப்படியும் செலவாகும் ஒன்றிரண்டை மட்டும் இதில் போட்டு, மொத்தத் தொகைக்கும் ஆட்டோ பே வைத்துவிடுங்கள்.

லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். 18,000 லிமிட்டில் 16,000 பாக்கி தெரிந்தால், கடனை நம்பி வாழ்கிறார் என்று சூத்திரம் எடுத்துக்கொள்ளும். 30 சதவீதத்துக்குள் வையுங்கள் என்பார்கள். அது நல்ல பழக்கம், ஆனால் 31 ஆனதும் கதவு சாத்தப்படும் என்ற பயம் வேண்டாம். அப்புறம், ஸ்கோரில் எதற்கு எவ்வளவு எடை என்று இணையத்தில் சுற்றும் 35, 30, 15, 10, 10 என்ற சதவீதப் பட்டியல் அமெரிக்காவின் ஃபைக்கோ ஸ்கோருக்கு உரியது. அதை அப்படியே சிபிலுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கார்டு பில்லில் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகையான மினிமம் டியூ மட்டும் கட்டினால் கட்டத்தில் 000 விழும், உண்மைதான். ஆனால் 40,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 1,400 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. மினிமம் டியூ 5 சதவீதம் என்று வைத்தால் 2,000 கட்டுகிறீர்கள். அசலில் குறைவது 348 ரூபாய். பயன்பாட்டு விகிதம் அசையாமல் நிற்கும், ஸ்கோரும் சேர்ந்து நிற்கும். கார்டு பாக்கி இருக்கும்போது கையில் சேமிப்பும் இருந்தால், அதை எடுத்து அடைப்பதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒரு வங்கி மறுத்ததும் பதற்றத்தில் ஒரே வாரத்தில் ஐந்து ஆப்பில் விண்ணப்பிப்பது இன்னொரு பொதுவான தவறு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்த விவரம் பதிவாகும். அடுத்தடுத்து ஐந்து விசாரணை என்றால் பண நெருக்கடியில் இருப்பதன் அடையாளமாக அது படிக்கப்படும். "ஒரே வாரத்தில் சிபில் ஏற்றித் தருகிறோம்" என்று காசு கேட்பவர்களிடமும் போகாதீர்கள். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவுக்கான புகாரை நீங்களே இலவசமாகப் பதியலாம்.

கடைசியாகக் கல்விக்கடன். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரியைப் படிக்க வைத்தது அதுதான். அதில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தவணை தவறினால் இருவர் அறிக்கையிலும் அதே கட்டங்கள் ஏறும். அப்பா கேட்கும் கடனும் தடைபடும். வங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மோசமான கடன் பதிவைக் காரணம் காட்டி ஒருவரின் பணி நியமனத்தை வங்கி ரத்து செய்தது செல்லும் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. படிப்பு முடிந்து தவணை தொடங்கும் காலத்தில் பலருக்கு வேலை இருக்காது. வங்கியில் கொடுத்த மொபைல் எண்ணும் மாறியிருக்கும். நினைவூட்டல் வந்ததே தெரியாமல் மூன்று மாதம் ஓடிவிடும். முதல் தவணைத் தேதிக்கு முன்பே கிளைக்குப் போய் எண்ணை மாற்றி, வேலை கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் கொடுத்து, தவணையைத் தள்ளிவைக்கவோ குறைக்கவோ கேளுங்கள். கடன் மறுசீரமைப்பு செய்யப்பட்டது என்ற குறிப்பு அறிக்கையில் ஏறலாம். ஆனாலும் வாராக்கடன் என்று ஏறுவதற்கு அது எவ்வளவோ மேல். 90 நாள் தாண்டிய பிறகு போனால் கிளை மேலாளர் செய்து தரக்கூடியது மிகவும் குறைந்துபோயிருக்கும்.