ஆத்தங்குடிக் கல்லில் விழுந்த மாத்திரை

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனை வாசலில் சென்னைப் பதிவெண் கார் ஒன்று வந்து நின்றது. இரண்டரை வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா ஓடிவந்தார். குழந்தைக்கு உடம்பெல்லாம் வியர்வை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கும், மறுபடியும் கண் செருகிக்கொள்ளும்.

"ராத்திரி முழுக்கக் கார்ல வந்தோம் டாக்டர். அலுப்புல தூங்குறான்னு விட்டுட்டோம்" என்றார் அப்பா.

விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். 34 காட்டியது. 70க்குக் கீழே இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்போம். உடனே ஊசிவழி குளுக்கோஸ் ஏற்றினோம். ஐந்து நிமிடத்தில் குழந்தை அம்மாவைத் தேடி அழ ஆரம்பித்தது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது.

நல்லபடியாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று இவ்வளவு சர்க்கரை குறைந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் யாருக்குச் சர்க்கரை மாத்திரை? அப்பத்தாவுக்கு உண்டு, ஆனால் டப்பா அலமாரியில்தான் இருக்கிறது, குழந்தை அதைத் தொடவே இல்லை என்றார்கள். கூடவே வந்திருந்த ஐந்து வயது அண்ணன்தான் சொன்னான்: "பாப்பா கீழே கிடந்த பச்சை மிட்டாயை எடுத்துத் தின்னா."

அப்பத்தா அதைக் கேட்டதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை அட்டையிலிருந்து பிதுக்கும்போது ஒரு மாத்திரை கைநழுவி விழுந்திருக்கிறது. தேடிப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு அதை மறந்துவிட்டார். (அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

செட்டிநாட்டு வீட்டுத் தரையைப் பார்த்தவர்களுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று புரியும். பூவும் இலையுமாக ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எல்லா நிறமும் அதில் இருக்கிறது. கண்புரை உள்ள ஒரு பாட்டி நின்றுகொண்டு பார்த்தால் பச்சை இலை மேல் கிடக்கும் பச்சை மாத்திரை தெரியவே தெரியாது. தரையோடு தரையாக உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கோ அது கண்ணுக்கு நேராக இருக்கிறது.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. ரத்தத்தில் சர்க்கரை போதுமான அளவு இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்காகச் செய்த மாத்திரை 11 கிலோ குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது. ஒரே ஒரு மாத்திரை போதும், வலிப்பும் மூளைப் பாதிப்பும் உயிரிழப்பும்கூட வரலாம். அதைவிட ஏமாற்றுவது அதன் தாமதம். விழுங்கிய பிறகு பல மணி நேரம் குழந்தை ஓடியாடி விளையாடும். நாம் மாத்திரையைச் சந்தேகிக்கவே மாட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தை தெளிந்து, பிஸ்கட் கேட்டுச் சாப்பிட்டதும் வீட்டார் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். இரவு பாஸ்கா திருவிழிப்பு, மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு, தவக்காலம் முடிந்து வீட்டில் பிரியாணி. அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் நான் அனுப்பவில்லை. நாம் ஏற்றும் குளுக்கோஸே, அந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை, மேலும் இன்சுலினைத் தூண்டும். அதனால் சர்க்கரை ஏறும், பிறகு மறுபடியும் விழும். அன்று இரவு இரண்டு மணிக்கு 48க்கு இறங்கியது. வீட்டில் இருந்திருந்தால் குழந்தை தூங்குகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். சர்க்கரை மாத்திரை தின்ற குழந்தையைக் குறைந்தது ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். பில்லுக்காக என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

பண்டிகை விடுமுறை, பள்ளி விடுமுறை என்று சொந்த ஊருக்கு வரும் குழந்தைகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி, புதுக்கோட்டை வழியாக நானூறு கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் பெற்றோர் விழிப்பாகத்தான் வருகிறார்கள். திருமயம் கோட்டை கண்ணில் பட்டதும் மனசு லேசாகிறது, ஊர் வந்தாச்சு. வீட்டுக்குள் நுழைந்ததும் ஓட்டிவந்தவர் பாயை விரித்துப் படுத்துவிடுகிறார். அம்மா பெட்டியைப் பிரிக்கிறார். அப்பத்தா அடுப்படியில், ஐயா (தாத்தா) கறி வாங்கப் போயிருக்கிறார். காரில் எட்டு மணி நேரம் தூங்கிவந்த குழந்தை மட்டும் முழு விழிப்போடு இருக்கிறது. அம்மா பார்த்துக்கொள்வார் என்று அப்பத்தாவும், அப்பத்தா பார்த்துக்கொள்வார் என்று அம்மாவும் நினைக்கிறார்கள். ஆக, யாரும் பார்ப்பதில்லை. என்னிடம் வரும் குழந்தைகளில் பலருக்கும் விபரீதம் நடந்தது வந்து சேர்ந்த அந்த முதல் சில மணி நேரத்தில்தான்.

அதற்காகச் சாலையைச் சாதாரணமாக நினைக்கச் சொல்லவில்லை. முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வரும் வழக்கம் இன்னும் போகவில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நின்றால், கட்டப்படாத குழந்தைக்கு அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவது மாதிரி. எந்த அம்மாவின் கையும் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம், மீறினால் 1000 ரூபாய் அபராதம். அப்புறம், வழியில் தொந்தரவு செய்யாமல் தூங்கட்டும் என்று சளி மருந்தையோ வாந்தி மருந்தையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். புரோமெத்தசின் கலந்த சிரப் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக் கூடும்.

சரி, வீட்டுக்கு வருவோம். வருடம் முழுக்க இரண்டு வயசாளிகள் மட்டும் இருக்கும் வீடு அது. எல்லாம் அவர்கள் குனியாமல், ஏறாமல் எடுக்கிற உயரத்தில்தான் இருக்கும். அதுதான் அவர்களுக்கு வசதி, நியாயமும்கூட. ஆனால் அதே உயரம் இரண்டு வயதுக் குழந்தைக்கும் எட்டும். அதனால் போய் இறங்கியதும் காபி குடிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பெரியவர்களில் ஒருவர் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்தில், திண்ணையிலிருந்து பின்கட்டு வரை ஒரு சுற்றுப் பாருங்கள். ஐயா படுக்கும் கட்டிலுக்கு அடியிலும், அவர் சாப்பிட உட்காரும் இடத்தைச் சுற்றியும் முதலில் பாருங்கள், மாத்திரை விழும் இடம் அதுதான். பிரஷர் மாத்திரையான அம்லோடிபினும் ஒன்றிரண்டே குழந்தையின் ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்குக் கீழே தள்ளும். இரும்புச்சத்து மாத்திரை இன்னும் மோசம். சிவப்பாக, வழவழவென்று மிட்டாய் மாதிரியே இருக்கும். முதலில் வாந்தி வரும், பிறகு குழந்தை தேறிவிட்டது போலத் தெரியும், அதன் பிறகுதான் ஈரல் கெடும்.

பழைய மர அலமாரியைத் திறந்தால் வரும் அந்த வாசனையும் எனக்குக் கவலைதான். பட்டுப்புடவைக்கு நடுவே வைத்த பாச்சா உருண்டை குழந்தை கைக்கு வந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாள் கழித்து ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுப்பாகப் போகும். அதற்குள் நீங்கள் சென்னைக்கே திரும்பியிருப்பீர்கள். சூடமும் அப்படித்தான், ஆனால் அது காத்திருக்காது, சில நிமிடங்களிலேயே வலிப்பைக் கொண்டுவரும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், கொல்லையில் பினாயில், ஐயாவின் காது மெஷினில் இருக்கும் பொத்தான் பேட்டரி. பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். தெருமுனை ஊரணிக்குக் குழந்தை தனியாகப் போகும் வழி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதைப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று பலர் தயங்குகிறார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் சொல்லுங்கள். "அப்பத்தா, பிள்ளை இப்ப எல்லாத்தையும் வாயில போடுறா. மாத்திரை டப்பாவை மட்டும் கொஞ்சம் பீரோவுல வச்சுப் பூட்டிடுங்களேன்" என்றால் சந்தோஷமாகச் செய்வார்கள். வந்தபிறகு எல்லார் முன்னாலும் குறை சொன்னால் புண்படுவார்கள். அந்தச் சனிக்கிழமை அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கையால விழுந்த மாத்திரைதான தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மருமகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, அழாதீங்க, நானும்தான் பார்க்காம இருந்துட்டேன்" என்று தேற்றினார். அந்தப் பெண்ணை நான் மனதாரப் பாராட்டினேன். வீட்டில் ஒருவரும் குழந்தையிடம் மருந்தை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள் என்பதையும் அன்று சொல்லி அனுப்பினேன்.

தாத்தா பாட்டிக்கும் அந்த நாட்களில் ஓர் ஆபத்து உண்டு. மாத்திரையைப் போட்டுவிட்டு, "பிள்ளைகள் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம்" என்று காத்திருப்பார்கள். கார் இரண்டு மணி நேரம் தாமதமானால் அவர்களுக்கே சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். திருச்சி தாண்டும்போது ஒரு போன் போட்டு, "நீங்க சாப்பிட்டுடுங்க" என்று சொல்லிவிடுங்கள். பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடும் நோன்பு, இருக்கும் சர்க்கரை நோயாளிகளும் உண்டு. 18 வயதிலிருந்து 59 வயது வரைதான் ஒருசந்தி கடமை என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். அதைத் தாண்டிய பெரியவர்களிடம் நான் இதைச் சொல்லித்தான் சாப்பிட வைக்கிறேன்.

குழந்தை எதையோ விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே கிளம்பிவிடுங்கள், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் குடித்திருந்தால் வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விடும். சர்க்கரை மாத்திரை என்று தெரிந்து, குழந்தை நல்ல விழிப்போடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் வழியில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வண்டி இல்லையென்றால் 108. டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் கூப்பிடலாம். வரும்போது மாத்திரை அட்டை, டப்பா, பாட்டில் எல்லாவற்றையும் கையோடு எடுத்து வாருங்கள். வீட்டில் வேறு சின்னக் குழந்தை இருந்தால் அதையும் கூட்டி வாருங்கள். கிடைத்ததைப் பங்கு போட்டுத் தின்றிருக்கலாம். அன்றைக்கு அந்த அண்ணனுக்கும் நாங்கள் சர்க்கரை பார்த்தோம்.